பேச்சறையில் இறங்கிய விலை

வைரபிரகாஷ் தன் நாற்பத்தெட்டு வயதுக்குள் எதையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. தாலி வாங்கப் போன இடத்தில், பெண் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள, செய்கூலியைப் பாதியாக்கிவிட்டுத்தான் நகைக்கடைப் படி இறங்கினான். குடல்வால் வீங்கி ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தபோது, மயக்க ஊசி போட வந்தவரிடம், "ரொக்கமாக் குடுத்தா எவ்வளவு?" என்று கேட்டவன். விருதுநகரில் அவனுடைய அப்பா மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி வைத்திருந்தார். மண்டி போயிற்று, வத்தல் போயிற்று, அந்த வாய் மட்டும் பரம்பரைச் சொத்தாக இவனுக்கு வந்து சேர்ந்தது. அதை வைத்துத்தான் பிழைப்பு. டென்மார்க்கில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனிக்காக, வீட்டில் உட்கார்ந்தபடியே, திரையில் தெரியும் வியாபாரிகளிடமெல்லாம் பேசி விலையைக் குறைத்து வாங்கித் தர வேண்டும். அந்த வேலைக்குக் கம்பெனியில் நீளமான பெயர் ஒன்று இருந்தது. அவன் மாமனார் அதைத் தரகு என்றார்.

அந்த வருடம் மார்ச் மாதத்திலேயே பகலில் தெருவில் நடக்கத் தடை வந்துவிட்டது. வெயில் அப்படி. வீட்டுக்குள் உட்கார்ந்து செய்கிற வேலையை எந்த வீட்டுக்குள் உட்கார்ந்து செய்தால் என்ன என்று, ஊரில் பாதிப் பேர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். வைரபிரகாஷும் நாடு நாடாக விசாரித்தான். கடைசியில் ஒரு தீவு அகப்பட்டது. பேரம் பேசியே விசா வாங்க வேண்டிய தீவு. பசித்தவன் கல்யாண மண்டப வாசலில் தடுக்கி விழுந்தமாதிரி ஆகிவிட்டது அவனுக்கு.

செலாரா என்று பெயர். படகில் போகும்போது அவன் மனைவி பொன்ஷீலா கேட்டாள்:

"ஏங்க, அறுபது வயசு ஆனவங்களுக்குச் சும்மாவே குடுக்கிறாங்களாமே?"

"அது பென்ஷன் விசா. நமக்கு அறுபது ஆகுற வரைக்கும் ஊர்லயே கெடந்தா, வத்தலாத்தான் வந்து எறங்கணும்."

"காசு போட்டா?"

"அது முதலீட்டு விசா. நம்ம வீடு, உங்கப்பா வீடு, ரெண்டையும் வித்து, தெருவையும் சேத்துக் குடுத்தாலும் பத்தாது. நமக்குன்னு இருக்கிறது மூணாவது. நம்மள மாதிரி தூரத்துல இருந்து வேலை பாக்குறவங்களுக்கு. நீள்தங்கல்னு பேரு. வருசா வருசம் புதுப்பிச்சுக்கலாம். வெலை காசு இல்ல."

"பெறகு?"

"சேறு."

கடல் அந்தத் தீவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. கரையெல்லாம் அலையாத்திக் கன்று நட்டால்தான் மண் நிற்கும். நடுவதற்குத் தீவில் ஆள் போதாது. அதனால் தங்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் முழங்கால் சேற்றில் இறங்கிக் கன்று நட வேண்டும். ஆரம்ப விலை பன்னிரண்டு மணி நேரம். பேச்சறை என்று ஒன்று உண்டு. அதற்குள் தனியாகப் போய்ப் பேசினால் குறையும். பேசுவது ஆள் இல்லை, இயந்திரம். தீவுக்கு வந்த தமிழர்கள் அதற்குத் தரகர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"எனக்குப் பேரம் பேச வராதுங்க. கீரைக்காரம்மாட்டக்கூட நான் பேசுனது இல்ல."

"அதான் அந்தம்மா உன்னப் பாத்ததும் ஒரு கட்டு கூட வாங்கிக்கிடச் சொல்லுது. இங்க பாரு. ஒரே ஒரு சூத்திரம்தான். சரக்கு மேல ஆசை இருக்குன்னு காட்டக் கூடாது. எதக் கேட்டாலும் அது இல்லாமயும் இருந்துக்குவேன்னு சொல்லு. குடும்பத்தப் பத்திக் கேக்குமாம். உங்க வீட்டுக்காரருக்கு விசா கெடைக்கலேன்னா என்ன செய்வீங்கன்னு கேட்டா, என்ன சொல்லுவ?"

"கெடைக்கலேன்னா நானும் ஊருக்குத் திரும்பிருவேன்."

"கெட்டுச்சு! 'அவர் இல்லாமயும் இருந்துக்குவேன்.' எங்க, சொல்லு."

"அவர் இல்லாமயும் இருந்துக்குவேன்."

"எழவு வீட்ல சொல்ற மாதிரி இருக்கு. சாதாரணமாச் சொல்லு. தக்காளி இல்லாட்டியும் ரசம் வைப்பேன்கிற மாதிரி."

அவள் மறுபடி சொன்னாள். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான்.

தோளில் அப்பாவின் துண்டு கிடந்தது. மண்டியில் நாலு பேர் நடுவில் விலை பேசும்போது வாயைத் திறக்க மாட்டார்கள். இரண்டு கையையும் துண்டால் மூடி, எதிராளியின் விரல்களைப் பிடிப்பார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அதுதான் விலை. சம்மதமானால் விரலை விட்டுவிட வேண்டும். விடாமல் பிடித்துக்கொண்டே நின்றால் பேச்சு இன்னும் முடியவில்லை என்று பொருள். கல்யாணமான புதிதில் வைரபிரகாஷ் இதைப் பொன்ஷீலாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். சொந்தக்காரர் கல்யாணங்களில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, மொய் எவ்வளவு வைப்பது என்று இருவரும் துண்டுக்குள்ளேயே முடிவு செய்வார்கள். அவள் எப்போதும் ஒரு விரல் கூடப் பிடிப்பாள். அவன் அதை மடக்கிவிடுவான். இதெல்லாம் பழைய கதை. இப்போது மொய்யை ஃபோனிலேயே அனுப்பிவிடுகிறார்கள்.

பேச்சறை, பெயருக்கேற்ற ஆடம்பரம் எதுவும் இல்லாத சின்ன அறை. நடுவில் ஒரு நாற்காலி. அதன் இரண்டு கைகளிலும், உள்ளங்கை வைக்க வழவழப்பான பலகைகள். தொட்டால் யாரோ இப்போதுதான் எழுந்து போனமாதிரி வெதுவெதுப்பு. எதிர்ச் சுவரில் ஐந்து மொழிகளில் ஒரு வாசகம். தமிழிலும் இருந்தது. 'இந்த அறை பொய்யைக் கேட்காது.'

வைரபிரகாஷ் அதைப் படித்துவிட்டுப் புன்னகை செய்தான். 'கறாரான ஒரே விலை' என்று பலகை மாட்டிய கடைகளில்தான் அவன் அதிகமாகக் குறைத்து வாங்கியிருக்கிறான்.

"வணக்கம். உங்கள் நிலை, பன்னிரண்டு," என்றது குரல். பாடப்புத்தகத் தமிழ்.

"பன்னெண்டா? எனக்கு முதுகு வலி இருக்குங்க. குனியவே முடியாது."

"பன்னிரண்டு."

"பக்கத்துத் தீவுல சேறே இல்லாமத் தர்றேங்கிறாங்க. நான்தான் உங்க ஊர் காத்து நல்லாருக்கேன்னு வந்தேன்."

"பன்னிரண்டு. ஊரில் உங்களைத் தேடுவோர் யார்?"

"யாரு தேடப் போறா? நான் போயிட்டா குரூப்ல நாலு பேரு கும்புடு போட்ட கை பொம்மை அனுப்புவாங்க. அஞ்சாவது ஆள் மறுநாள் கறிக்கொழம்பு போட்டோ போடுவான்."

"பத்து."

அட, சிரிக்க வைத்தால் இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டான்.

"உங்கள் தந்தையின் மண்டியை விற்ற அன்று எப்படி இருந்தது?"

"நல்லாத் தூங்கினேன்," என்றான் வீறாப்பாக.

"எட்டு. உங்கள் மனைவிக்கு அனுமதி கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?"

வைரபிரகாஷ் சாய்ந்து உட்கார்ந்தான். அப்பா நல்ல வத்தல் மூட்டையைக் கண்டுவிட்டால் செய்கிற காரியம் ஒன்று உண்டு. ஒரு வத்தலை எடுத்து, ஒடித்து, முகர்ந்து, உதட்டைப் பிதுக்கி, தூக்கிப் போட்டுவிட்டு நகர்ந்து போவார். மூட்டைக்காரன் பின்னாலேயே ஓடி வருவான்.

"இருந்துக்குவேன்," என்றான். "அவ இல்லாமயும் இருந்துக்குவேன். சொல்லப்போனா கொஞ்சம் நிம்மதியாவே இருக்கும். சாயந்திரம் ஆனா யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல பாருங்க."

குரல் முதல்முறையாகத் தாமதித்தது.

"மூன்று," என்றது.

வெளியே வந்தபோது, தேர் இழுத்துவிட்டு வந்தவன்போல அவனுக்கு வியர்த்திருந்தது. பக்கத்துப் பேச்சறையிலிருந்து பொன்ஷீலா வந்தாள்.

"எவ்வளவு?"

"பன்னெண்டு."

"ஏய், நான் சொன்னதச் சொன்னியா?"

"சொன்னேங்க. மூணு தரம் சொன்னேன்."

"பெறகு?"

"மூணு தரமும் பன்னெண்டுதான்னு சொல்லிருச்சு."

"உனக்கு மூஞ்சி பத்தல. நான் மூணுக்கு முடிச்சிருக்கேன் பாரு, மூணு!"

"பரவால்ல, நீங்களாச்சும் நெழல்ல இருங்க," என்றாள் அவள்.

படகுத்துறையில் ஒரு தேநீர்க் கடை. திருவாரூர்க்காரர் ஒருவர் நடத்தினார். அடுத்த ஒரு வருடத்தில் அந்தக் கடைக்கு வைரபிரகாஷ்தான் பாதி வரும்படி என்று சொல்லலாம். தீவில் மூன்று மணி நேரத்துக்கு முடித்த ஆள் வேறு யாரும் இல்லை. புதிதாகப் படகில் இறங்குகிறவர்களை, "மொதல்ல அண்ணாச்சியப் பாருங்க," என்று அனுப்பிவைத்தார்கள். அண்ணாச்சி கால்மேல் கால் போட்டுக்கொண்டு கதையை ஆரம்பிப்பார். முதுகுவலியில் தொடங்கி, கும்பிட்ட கை பொம்மையில் சிரிக்க வைத்து, கடைசியில் குரலைத் தாழ்த்துவார். "கடைசிச் சரக்கு ஒண்ணு கையில இருந்துச்சு. இவதான். பொண்டாட்டிய வித்து அஞ்சு மணி நேரம் வாங்கினேன்யா!"

கடையே அதிரும். பெரும்பாலும் பொன்ஷீலா பக்கத்தில்தான் இருப்பாள். நகக்கண்ணில் இருந்த சேற்றை ஊக்கால் எடுத்துக்கொண்டு அவளும் சிரிப்பாள். யாராவது, "என்னக்கா, ஒங்கள இப்படி வித்துட்டாரே," என்று கிண்டல் செய்தால், "வாங்குறதுக்கு ஆள் இருந்துச்சே, அதச் சொல்லுங்க," என்பாள். அதற்கும் கடை அதிரும்.

அவனுடைய மூன்று மணி நேரம் சனிக்கிழமை காலையோடு முடிந்துவிடும். அவள் தினமும் மதியத்துக்கு மேல் போவாள். அவனுக்கு டென்மார்க்கோடு பேச்சு நடக்கும்போது அவள் திரும்பி வந்து, ஜன்னலுக்குக் கீழே இருக்கும் குழாயில் கால் கழுவுவாள். சேறு லேசில் போகாது. அந்தச் சத்தம் நிற்கும்வரை அவன் பேச்சை நிறுத்தி, தன் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். தண்ணீர்ச் சத்தம் வெள்ளைக்காரர்களுக்குத் தொந்தரவு என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொள்வான்.

வருடம் முடியப் போகிற சமயத்தில் திருப்பூரிலிருந்து நந்தகோபால் என்று ஒருவன் வந்தான். பனியன் துணிக்குப் பின்னல் வடிவம் போட்டுத் தருகிறவன். கூட அவன் மனைவி கீர்த்தனா. அண்ணாச்சியின் பாடம் முழுவதையும் ஃபோனில் குறித்துக்கொண்டு பேச்சறைக்குப் போனான். மறுநாள் சாயங்காலம் தேநீர்க் கடைக்கு வந்தவன் முகம் தொங்கிப் போயிருந்தது.

"ஏனுங்ண்ணா, நீங்க சொன்னத அச்சுப் பெசகாம சொன்னனுங்க. பொம்மை ஜோக்குகூடச் சொன்னனுங்க. ஒரு மணி நேரங்கூட எறங்கமாட்டீங்குதுங்க!"

"கடைசிச் சரக்கச் சொன்னியா?"

"சொன்னனுங்ணா! இவ இல்லாமயும் இருந்துக்குவேன், நிம்மதியா இருக்கும்னு, நாலு தடவ சொன்னனுங்க. பன்னண்டு, பன்னண்டு, பன்னண்டு, பன்னண்டு."

கீர்த்தனா கை தட்டிச் சிரித்தாள். அந்தத் தோல்வியில் அவளுக்கு இருந்த பெருமை கடை முழுவதும் பரவியது. "நேத்து ராத்திரி என்ற முன்னாடியே ஒத்திகை பாத்தாருங்ணா! நானே நம்புலீங்க. மெஷினு எங்கீங்க நம்பும்?"

எல்லோரும் சிரித்தார்கள். வைரபிரகாஷும் சிரிக்க வாயைத் திறந்தான். அப்போது தற்செயலாகப் பொன்ஷீலாவைப் பார்த்தான். அவள் தலை நிமிரவில்லை. சுத்தமாக இருந்த நகத்தையே மறுபடி ஊக்கால் துழாவிக்கொண்டிருந்தாள்.

அவன் முதலில் வியாபாரியாகத்தான் யோசித்தான். ஒரே சரக்கு, ஒரே பேச்சு, இரண்டு விலை. தராசில்தான் கோளாறு. மறுநாளே நீள்தங்கல் அலுவலகத்துக்குப் போய், அதிகாரி நூர் ஹமீதாவின் மேசை முன்னால் உட்கார்ந்தான். அவளுடைய முன்னோர்கள் நாகூரிலிருந்து பாய்மரத்தில் வந்தவர்கள். தீவுப் பேச்சில் ஊறிய தமிழ். அவளும் சின்ன வயதில் கன்று நட்டவள்தான். இன்றும் வாரம் ஒரு நாள் சேற்றில் இறங்குவாள்.

"ஒங்க மெஷின் சரியில்லம்மா."

"என்னா சரியில்ல?"

சொன்னான். அவள் பேனாவை மேசையில் வைத்தாள்.

"சுவத்துல எழுதியிருக்கே அண்ணே, படிக்கலயா? பொய்ய அது கேக்காது. கேக்காதுன்னா, காதுலயே வாங்காது. ஒங்க வாய் சொல்றதும் உள்ளங்கை சொல்றதும் ஒண்ணா இருந்தாத்தான் கணக்குல எடுக்கும். அந்தத் திருப்பூருத் தம்பி பொய் சொல்லிச்சு. எறங்கல."

"நானும் பொய்தானேம்மா சொன்னேன்? சும்மா, வெலைக்காக..."

"ஒங்களுக்கு எறங்குச்சுல்ல?"

எடைக்கல்லைத் தட்டில் வைக்கிறமாதிரி வைத்தாள் அந்த வார்த்தையை. குத்தலே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அவன் எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்த்தான். "அப்ப... உண்மை சொன்னதுக்குப் பரிசா கொறைக்கிறீங்களா?"

"பரிசுலாம் இல்ல. நீங்க யாவாரி, ஒங்களுக்குச் சொன்னாப் புரியும். ஊரவிட்டுப் போயிருவான்னு தெரிஞ்ச ஆளுகிட்ட கைமேல வாங்கிக்கிடுவீங்க. தெருவுலயே கெடக்குற ஆளுக்குன்னா, மெதுவாக் குடுன்னு விட்டுருவீங்க. சரியா? ஒருத்தர்மேல உசுரா இருக்குறவங்க நெலையா இருக்க மாட்டாங்க. அந்த ஒருத்தர் கெளம்புனா கூடவே கெளம்பிருவாங்க. அதான் அவங்ககிட்ட மொதல்லயே வேலைய வாங்கிக்கிறது. ஒங்க வீட்டம்மாவுக்குப் பன்னெண்டு. நீங்க போனா அடுத்த படகுல அவங்களும் போயிருவாங்க. நீங்க..." கொஞ்சம் நிறுத்தினாள். "அவங்க போனாலும் இங்கதான் இருப்பீங்க. ஒங்ககிட்ட எங்களுக்கு அவசரம் இல்ல."

வியாபாரம் என்று பார்த்தால் அதில் ஓட்டையே இல்லை. அவனே அந்த இடத்தில் இருந்தால் அப்படித்தான் செய்திருப்பான்.

"இது... அவளுக்குத் தெரியுமா?"

"போன வருசமே தெரியுமே. மொத வாரத்துலயே, சேத்துல நிக்கிறப்ப கேட்டாங்க. சொன்னேன். அழுவாங்கன்னு நெனச்சேன். அழுவல. 'அவர்ட்ட சொல்லிராதீங்க, ரொம்ப சந்தோசமா இருக்காரு'ன்னாங்க."

வைரபிரகாஷ் எழுந்தான். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவைத்தான். படகுத்துறை வழியாகப் போனால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். அவன் சுற்றுவழியில் போனான். தேநீர்க் கடையைத் தாண்டுகிற தைரியம் இல்லை. நடுச்சந்தையில் வேட்டி அவிழ்ந்து விழுந்ததுகூடத் தெரியாமல், ஒரு வருடமாகக் கையை உயர்த்தி உயர்த்தி விலை கூவியிருக்கிறான். பார்த்த ஒரே ஆள் பொன்ஷீலா. அவள் கூட்டத்தோடு நின்று சிரித்துக்கொண்டே, மற்றவர்கள் கண்ணில் படாமல் மறைத்து நின்றிருக்கிறாள். அவள் அப்போதே சண்டை போட்டிருந்தால் கொஞ்சம் தேவலை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டான்.

அது பொய் என்று யாரிடமாவது வாதாடிவிடலாம் என்று வழியெல்லாம் யோசித்தான். யாரிடம்? பலகைமேல் இருந்தது அவன் கைதான்.

அன்று மதியம் டென்மார்க்குக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு கரைக்குப் போனான். பொன்ஷீலா முழங்கால் சேற்றில் குனிந்திருந்தாள். அவளோடு தீவுப் பெண்கள் ஐந்தாறு பேர். அவர்கள் பாஷையில் என்னவோ சொல்லி அவளைச் சிரிக்க வைத்தார்கள். அவளும் அதே பாஷையில் திருப்பிக் கொடுத்தாள். அவள் எப்போது அதைக் கற்றாள் என்று அவனுக்குத் தெரியாது.

"என்னங்க இங்க? இது உங்க கிழமை இல்லையே."

"சும்மா. ஒனக்கு ஒத்தாசையா..."

"கணக்குல ஏறாதுங்க. உங்க மூணு மணி நேரம்தான் போட்டுக்குவாங்க."

"ஏறாட்டிப் போகுது."

அவள் ஒரு நிமிடம் அவனையே பார்த்தாள். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் அவசரமாக ஒரு கன்றை எடுத்து ஊன்றினான். அவள் அதைப் பிடுங்கி, சேற்றை ஆழமாக அழுத்தி, நிமிர்த்தி நட்டாள்.

"அலை வந்தா மொதல்ல இதுதான் போகும். நீங்க மேலாப்புல வச்சிட்டீங்க," என்றாள்.

வீட்டில், "அது சும்மா சொன்னதுடி" என்ற வாக்கியத்தை அவன் எத்தனையோ தடவை தொண்டைவரை கொண்டுவந்தான். அது பொய் என்று கண்டுபிடிக்க அவளுக்கு அவன் உள்ளங்கை தேவையில்லை, அவன் முகமே போதும் என்று புரிந்து விழுங்கிவிட்டான்.

அவனுக்கு வழி ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. புதுப்பிக்கும் நாள் வருகிறது. மறுபடி பேச்சறை. மூன்றை ஏற்றிவிட்டால் போதும். பன்னிரண்டு ஆக்கிவிட்டால், அதைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்துவிடலாம். அவன் வம்சத்தில் யாரும் விலையை ஏற்றிக் கேட்டதில்லை. அப்பா இருந்திருந்தால் வைத்தியரிடம் காட்டியிருப்பார்.

அந்த நாளும் வந்தது. உள்ளங்கைகளை வைத்தான்.

"வணக்கம். உங்கள் நிலை, மூன்று."

"ஏத்தணும்," என்றான்.

"குறைக்கவா?"

"கொறைக்க இல்லய்யா. ஏத்து. பன்னெண்டு வேணும்."

இந்தக் கோரிக்கை அதற்குப் புதிது போலிருந்தது. "காரணத்தைக் கூறுங்கள்," என்றது.

"எம் பொண்டாட்டி இல்லாம என்னால ஒரு நாள் இருக்க முடியாது."

"மூன்று."

"அவதான் எனக்கு உசுரு."

"மூன்று."

"சத்தியமா! எங்கப்பா மேல சத்தியமா!"

"மூன்று."

தன் குரல் தனக்கே கேட்டது. மூட்டைக்கு மேலே நல்ல வத்தலைப் பரப்பிவிட்டுக் கூவுகிறவனின் குரல். வைரபிரகாஷ் வாயை மூடினான். பேரத்தில் அவன் பேசாமல் உட்கார்ந்திருந்ததே இல்லை. கை வியர்த்தது. பலகை வழுக்கியது. சரக்கே இல்லாத கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றியது. அப்புறம், கூவ எதுவும் மிச்சமில்லாதபோது, வாய் தானாகச் சொன்னது.

"அவ வந்து கால் கழுவுவா. ஜன்னலுக்குக் கீழ. அந்தச் சத்தம் நிக்கிற வரைக்கும் நான் வேலையை நிறுத்திருவேன். வெள்ளைக்காரங்களுக்காகன்னு நெனச்சிட்டிருந்தேன். மைக்க அணைச்சப்புறம் அவங்களுக்கு எங்க கேக்கும்? எனக்குத்தான் கேக்கணும். ஒரு நாள் அவ வர லேட்டாச்சு. அன்னிக்கு எவன் என்ன வெலை சொன்னான்னே தெரியாம சரின்னு சொல்லிட்டேன்."

குரல் தாமதித்தது.

"நான்கு," என்றது.

அவன் காத்திருந்தான். நான்குதான். இருந்தாலும், பொழுது சாயும்வரை ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடையில் முதல் போணி ஆனமாதிரி நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. ஒன்று ஏறியிருக்கிறது. ஏற்றத் தெரியாத வம்சத்தில் பிறந்தவன், ஒன்றை ஏற்றியிருக்கிறான்.

வெளியே காத்திருப்போர் பெஞ்சில் பொன்ஷீலா உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு முன்பே முடித்துவிட்டாள். சுற்றிலும் கூட்டம். அண்ணாச்சி இந்தத் தடவை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் என்று பார்க்க, தேநீர்க் கடையே அங்கே வந்திருந்தது.

"ஏனுங்ண்ணா, எவ்வளவுங்?" என்று நந்தகோபால் எழுந்தான். "பூச்சியத்துக்கே முடிச்சுட்டீங்களா?"

வைரபிரகாஷ் பொன்ஷீலாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இருவர் கைமேலும் போட்டான். கூட்டம் உற்சாகமாகியது. "பாத்தியா, விரல் பேரம்!" என்றார் திருவாரூர்க்காரர்.

துண்டுக்குள் அவன் அவளுடைய விரல்களைப் பிடித்தான். தோல் தடித்து, நுனிகள் சொரசொரவென்று இருந்தன. கடைசியாக எப்போது பிடித்தோம் என்று நினைவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. கொஞ்சம் நிறுத்தி, நான்காவதையும் சேர்த்தான்.

"நாலா?" என்றாள் அவள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "ஏறியிருக்கே."

"ஏத்தச் சொல்லிக் கேட்டேன். அவ்வளவுதான் ஏறுச்சு." அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "உனக்கு?"

அவன் விரல்களை விட்டான். இப்போது அவள் பிடித்தாள். ஆள்காட்டி விரல். நடுவிரல். மோதிர விரல். அவன் சுண்டுவிரலை நீட்டிக்கொடுத்தான். அவள் அதைத் தொடவில்லை. கையை மாற்றிப் பிடித்துத் தொடர்ந்து எண்ணுவாள், ஐந்து, பத்து, பன்னிரண்டுவரை போவாள் என்று காத்திருந்தான். அவள் மாற்றவில்லை.

"மூணு," என்றாள் பொன்ஷீலா. "புதுசா ஒண்ணும் சொல்லலங்க. படகுல நீங்க சொல்லிக்குடுத்தீங்களே, அதே வார்த்தைதான். ஒரு தரம்தான் சொன்னேன். எறங்கிருச்சு."

குரலில் கோபம் இல்லை. ரசத்துக்குத் தக்காளி இல்லை என்று சொல்கிறமாதிரிதான் இருந்தது. அவன் ஆசைப்பட்ட மாதிரியே, அத்தனை சாதாரணமாக.

"அண்ணா, சொல்லுங்ணா, என்னாச்சுங்?" என்றான் நந்தகோபால்.

வைரபிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு வருடமாக அதே கூட்டத்தின் முன்னால் அடித்த தம்பட்டமெல்லாம் திரும்பி வந்து காதில் அடித்தது. துண்டுக்கு அடியில் அவனுடைய மூன்று விரல்களும் இன்னும் அவள் பிடிக்குள்ளேயே இருந்தன. விலையைச் சொல்லியாகிவிட்டது. அவள் விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

மண்டியில் அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றால் பேச்சு இன்னும் முடியவில்லை என்று பொருள். மறந்துபோய்ப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்றும் இருக்கலாம். கேட்டுவிட்டால் ஒருவேளை நினைவு வந்து விட்டுவிடுவாள்.

வைரபிரகாஷ் கேட்கவில்லை. கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தான்.